சூடான காற்று

கார் கழுவும் நிலையத்தில் காரை நுரை போகக் கழுவியதுமே ஞானசேகர் கிளம்பப் பார்த்தான். "வெயில்லயே காஞ்சிரும், வா."

சுகந்திக்கு அரைகுறை வேலை என்றாலே ஆகாது. "தண்ணி நின்னா திட்டுத் திட்டா கறை விழும்ங்க." குளிர்ந்த காற்று, சூடான காற்று என்று அங்கிருந்த உலர்த்தும் இயந்திரத்தில் இரண்டு பொத்தான்கள். சூடானதை அழுத்திவிட்டுக் காற்றுக் குழாயை எடுத்தாள். கதவிடுக்கில் தங்கிய நீரெல்லாம் தெறித்தோடியது. நேற்று நாய் மோதி நெளிந்ததாக அவன் சொன்ன முன்பக்கப் பம்பருக்கு வந்தாள்.

"அங்க வேணாம்!"

அதற்குள் பம்பருக்கு மேலிருந்த கிரில் கம்பிகளுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ரிப்பன் பிய்த்துக்கொண்டு வந்து அவள் காலடியில் விழுந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் சடையை மடித்துக் கட்டுகிற ரிப்பன். போட்ட முடிச்சுகூட அவிழவில்லை. எடுத்து அவனிடம் நீட்டினாள். குழாய் தரையில் கிடந்து இரைந்தது.

அது என்னவென்று அவன் கேட்கவில்லை.