மூடிய மதகு

எங்கள் நகர் ஏரிக்குள் கட்டியது. முந்தாநாள் பெய்த மழை இன்னும் வீடுகளுக்குள் நிற்கிறது. எதிர்வீட்டில் பிள்ளை பெற்றவள் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. ஏரியின் பழைய மதகைத் திறந்தால் வடியும் என்று பெனாசிர் என்கிற இன்ஜினியர் பெண் வந்து, கம்ப்யூட்டர் காட்டிய இடத்தில் பொக்லைன் விட்டுத் தோண்டினாள். வெறும் களிமண். மதகு எங்கே என்று எனக்குத் தெரியும். கட்டட இடிபாட்டைக் கொட்டி அதை மூடிய லாரியை ஓட்டியவனே நான்தான். சொன்னால் உள்ளே தள்ளுவார்கள். படித்தவர்களை நம்பக்கூடாது. ஆனால் வானம் மறுபடியும் கறுத்தது.

"அங்க இல்லம்மா. ரேஷன் கடைக்குப் பின்னால, ஏழடி ஆழத்துல."

"ஏன் பெருசு, நீ உள்ள போயி அளந்தியா?" என்று பொக்லைன்காரன் சிரித்தான்.

பெனாசிர் பொக்லைனை அங்கே திருப்பச் சொன்னாள். உடைந்த செங்கல், டைல்ஸ், அதற்கும் கீழே மதகின் கருங்கல் வாய். தண்ணீர் சுழன்று இறங்கியது. பெனாசிர் அந்தச் செங்கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இரண்டு டீ வாங்கி வந்து, இரண்டையும் என்னிடமே நீட்டினாள்.

"இந்த மாதிரி மூடின மதகு இன்னும் எத்தனை இருக்குங்கய்யா?"

"மூணு."

கும்பிட வேண்டும் போலிருந்தது. இரண்டு கையிலும் டீ சுட்டது.