இந்தப் பக்கம் இல்லாத வாசனை

கழுத்தில் ஒரு முறை, இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு முறை சென்ட் அடித்துக்கொண்டாள் வேல்விழி. உடனே தும்மல் வந்தது.

அப்போதுதான் இடித்த மிளகின் காட்டம். அதன் பின்னாலேயே ஏலக்காய், கிராம்பு. கண்ணோரம் கரித்தது.

கொச்சியில் சென்ட் கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் அனுஷ்கா, லீவுக்கு ராயப்பன்பட்டி வந்தபோது கொண்டுவந்த குப்பி. விரல் உயரம்தான் இருக்கும். இந்தப் பக்கம் யாரிடமும் இல்லாத வாசனையாக ஒன்று வேண்டும் என்று வேல்விழிதான் கேட்டிருந்தாள். அனுஷ்காவுக்கு ஒரே ஆச்சரியம். அண்ணிக்குப் பூவும் பவுடரும் போதும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"ஆம்பர்னு போட்டிருக்கு பாருங்க அண்ணி. நேரம் ஆக ஆகத்தான் இதோட குணம் தெரியும்."

ஒரு வாரமாகக் குளிக்கிற சோப்பை மாற்றியிருந்தாள். இன்று பூ வைக்கவில்லை. தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. கொலுசைக் கழற்றிப் பீரோவில் போட்டபோது கணவன் செல்வின் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தான்.

அனுஷ்கா சொன்னது சரிதான். பஸ் கம்பம் ஊரை நெருங்குவதற்குள் காட்டம் அடங்கிவிட்டது. வெயிலில் இளகிய பிசின் போல, சாம்பிராணி போல, எங்கோ ஒரு பழைய மரப்பெட்டியைத் திறந்தது போல ஒரு கதகதப்பு தோலிலிருந்து எழுந்தது.

மணிக்கட்டை முகர்ந்து பார்த்தாள். யாரோ ஒருத்தியின் கை.

அந்த யாரோ ஒருத்திக்குத் தன்னைவிடப் பயம் குறைவு என்று தோன்றியது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. அதன் ஓரத்தில் ஒரு பெரியவர், வலது பாதத்தில் துணி சுற்றி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. வேல்விழியைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மாத்திரை வாங்கிட்டு வந்திர்றேன், இங்கனயே இருங்க" என்று எழுந்து போனாள்.

காலியான இடத்தில் வேல்விழி உட்கார்ந்தாள்.

பெரியவர் மூக்கை லேசாக உயர்த்தினார்.

"யாரு ஆத்தா? நம்ம பக்கத்து வாசமாத் தெரியலயே. கேரளாப் பக்கமா?"

வேல்விழி வாயைத் திறக்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை.

சர்க்கரை அவர் பார்வையைக் கொண்டுபோய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு ஆட்களை வாசத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். போன மாதம் இதே பெஞ்சில் இவள் வந்து உட்கார்ந்த மறுநொடியே, "அவ வந்திருக்காளா?" என்று கத்தினார். கட்டுப் போடாமலேயே எழுந்து, தட்டுத்தடுமாறிப் படியில் மோதி, புண்ணிலிருந்து ரத்தம் ஒழுக ஆட்டோ ஏறிப் போனார்.

செல்வினைக் கல்யாணம் செய்துகொண்டு போன மகள் செத்துவிட்டாள் என்று ஊரைக் கூட்டிச் சொன்ன முத்துக்கருப்பன் அவர். சொன்ன சொல்லை மாற்றியதாக அவரைப் பற்றி யாரும் பேசியதில்லை.

உள்ளேயிருந்து நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டாள்.

மனைவி திரும்பி வரவில்லை. அவர் எழுந்து, காற்றில் கையை நீட்டினார்.

வேல்விழி தன் கையைக் கொடுத்தாள்.

ஆறு வருடத்துக்குப் பிறகு அப்பா அவளைத் தொட்டார்.

அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டே உள்ளே நடந்தார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. நர்ஸ் பழைய துணியைப் பிரித்தபோது வலியில் பல்லைக் கடித்து இறுக்கிப் பிடித்தார். அவளுக்கு எலும்பு வலித்தது. உதட்டை மடித்துக்கொண்டு நின்றாள். அழுகைச் சத்தம் வந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

பிடி தளர்ந்தபோது அவருடைய கட்டைவிரல் மணிக்கட்டின் உள்பக்கம் நகர்ந்தது. ஓர் இடத்தில் நின்றது.

எட்டு வயதில் திராட்சைப் பந்தலின் கம்பி கிழித்த தழும்பு. ரத்தம் நிற்கிற வரை தன் வேட்டி முனையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தவர் அவர்தான்.

வாசனையை மாற்றியவள், சத்தத்தைக் கழற்றி வைத்தவள், இதை மறந்துவிட்டாள்.

கட்டைவிரல் அந்தத் தழும்பின் மேலேயும் கீழேயும் ஒருமுறை போய் வந்தது. இப்போது கையை உதறுவார். எழுந்து நடப்பார். புண் மறுபடி திறந்துகொள்ளும்.

நர்ஸ் கட்டை முடித்து முடிச்சுப் போட்டாள்.

அவர் மெல்ல எழுந்தார். அதே கையைப் பிடித்தபடி பெஞ்சு வரை வந்து உட்கார்ந்தார். மனைவியின் செருப்புச் சத்தம் தூரத்தில் கேட்டதும் கையை விட்டார். முகத்தை நேராக வைத்துக்கொண்டு, யாரிடமோ பேசுவது போலச் சொன்னார்.

"அடுத்த வெள்ளிக்கும் இதே வாசத்தப் போட்டுட்டு வா, ஆத்தா. யாருன்னு நான் கேக்க மாட்டேன்."