டிராக் அக்கா

"அக்கா, இது வெறும் டிராக்தான். அதுக்குப் போய் இந்த உருகு உருகணுமா?" என்று மைக்கில் கேட்டுச் சிரித்தான் இசையமைப்பாளன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். "அம்மா பாட்டாச்சே தம்பி, அதுவா வருது. என்ன செய்ய?"

அந்த ஸ்டுடியோவில் அவளுக்கு 'டிராக் அக்கா' என்றுதான் பேர். பெரிய பாடகிகள் கேட்டுப் பழகுவதற்காக முதலில் மாதிரிக்குப் பாடிக் கொடுப்பாள். அவர்கள் வந்து பாடியதும் அவள் குரலை அழித்துவிடுவார்கள். மற்ற நாட்களில் கோரஸில் பின்வரிசை. முடி நரைத்ததுதான் மிச்சம், அவள் குரலில் தனிப்பாட்டு என்று ஒன்றுகூட வெளிவந்ததில்லை.

இசையமைப்பாளனுக்கோ இது முதல் படம். பிள்ளைகளே உலகமென்று வாழும் ஒரு தாயின் பாட்டு. ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் அந்த இளம் பாடகி பாடினால்தான் பாட்டு படத்தில் இருக்கும் என்று தயாரிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்று கோட்டை விட்டால் அவன் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

"மேடம் வந்தாச்சு!" என்று சவுண்ட் இன்ஜினியர் குரல் கொடுத்தார்.

டிராக் அக்கா அவசர அவசரமாகப் பையை எடுத்தாள்.

"போயிடாதீங்க அக்கா. வரி ஏதாவது மாறினா திரும்பப் பாடணும். வெளியே உட்காருங்க."

வாசலில் பாடகி அவளைத் தாண்டி உள்ளே வந்தாள். ஒரு வணக்கமில்லை, ஒரு சிரிப்பில்லை. வயசுக்காவது மரியாதை வேண்டாமா, என்ன தலைக்கனம் என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரியம் ஆகவேண்டுமே என்று பல்லைக் காட்டினான்.

பாடகி கண்ணை மூடிக்கொண்டு டிராக்கைக் கேட்டாள்.

'தடுக்கி விழுந்தது நீ கண்ணே,
தழும்பு மட்டும் என் முட்டியிலே...'

பாட்டு முடிந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "இதை நான் பாட மாட்டேன்."

அவன் பதறி எழுந்தான். "மேடம்! ட்யூன் பிடிக்கலையா? இப்பவே மாத்திடறேன்..."

"ட்யூன் அட்டகாசம். ஆனா இதுக்கு மேல நான் என்னத்தைப் பாட? இவங்க குரலையே வெளியிடுங்க."

"வேற வினையே வேண்டாம்! உங்க பேர் இல்லைன்னா தயாரிப்பாளர் பாட்டையே தூக்கிடுவார். அக்கா பேர் யாருக்குத் தெரியும்? சத்தியமா எனக்கே தெரியாது!"

பாடகி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துத் தயாரிப்பாளரையே கூப்பிட்டாள். "சார், பேசாம இதைக் கேளுங்க" என்று சொல்லி, கைப்பேசியை ஸ்பீக்கரின் முன்னால் பிடித்தாள். டிராக் மறுபடி ஓடியது.

பாட்டு முடிந்ததும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"யாரும்மா இது? கல்லையும் கரைச்சிடும் போல இருக்கே! இந்தக் குரலையே போடுங்க. ஆனா உன் பேர் இல்லாம நான் எப்படிம்மா விக்கறது?"

"என் பேர் தாராளமா இருக்கும் சார். நான் கோரஸ் பாடறேன்."

இசையமைப்பாளன் வாயைப் பிளந்தான். நட்சத்திரப் பாடகி கோரஸ் பாடுவதா! அவள் எதையும் சட்டை செய்யவில்லை. வெளியே போய் டிராக் அக்காவின் கையைப் பிடித்து விடுவிடுவென்று இழுத்து வந்தாள். நடு மைக்கின் முன்னால் நிறுத்திவிட்டு, தான் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"நீ பாடும்மா. நான் பின்னாடி நிக்கறேன்."

மைக் திறந்திருந்தது. டிராக் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தது ஸ்டுடியோ முழுக்கக் கேட்டது:

"கோரஸ்காரி பொண்ணுன்னு தெரிஞ்சா உன்னையும் பின்வரிசையிலேயே நிறுத்திடுவாங்க, ஸ்டுடியோவுல என்னை அம்மான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவடி படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேன்?"