ஐந்தாவது கேள்வி

கை தூக்கியாயிற்று. இனி இறக்க முடியாது.

மைக் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ பெண்கள் மொத்தப் பேரும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த ஹாலில், ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்கு மாறி மாறி வந்தது.

மேடையில் மூன்று நாற்காலிகள். உள்ளூர்த் தொழில் சங்கத்திலிருந்து, படித்து முடித்து என்ன வேலைக்குப் போகலாம் என்று வழிகாட்ட வந்தவர்கள். பேக்கரிக்காரர் பேசிவிட்டார். ஆஸ்பத்திரி நடத்தும் அம்மாளும் பேசிவிட்டார். கடைசியாகப் பேசியவர் நாச்சிமுத்து. பம்புசெட்டுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறையின் முதலாளி.

நன்றாகத்தான் பேசினார். பெண்களால் முடியாதது எதுவுமே இல்லை என்றார். கைதட்டல் வந்ததும் அதையே இன்னொரு தரம் சொன்னார்.

அவளும் தட்டினாள்.

கேள்வி நேரத்துக்கென்று எஸ்தர் டீச்சர் முந்தின நாளே ஐந்து பேரைப் பொறுக்கியெடுத்து, ஆளுக்கொரு கேள்வியை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். வந்தவர்கள் முன்னால் பள்ளிக்கூடத்தின் மானம் போய்விடக் கூடாதல்லவா. ஒத்திகைகூட நடந்தது. அவளுடையது ஐந்தாவது. உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?

ரகசியத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்.

அவளுக்கு ஐடிஐயில் மெஷினிஸ்ட் படிக்க வேண்டும். பள்ளிக்கூடம் வரும் வழியெல்லாம் பட்டறைகள். இரும்பு சுருள் சுருளாகச் சீவிக்கொண்டு வருவதை நின்று பார்த்ததில், பிரேயருக்குத் தாமதமாகி வெயிலில் நின்ற நாட்கள் உண்டு. பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

வீட்டில் பி.காம். என்று முடிவாகியிருந்தது. அப்பா கெட்டவர் இல்லை. கத்தவில்லை. ஒன்றுதான் சொன்னார்.

"பொட்டப்புள்ளைக்கு மெசின்ல யாரு வேலை குடுப்பா? குடுக்கறேன்னு ஒருத்தரு சொல்லட்டும். நானே கொண்டுபோய்ச் சேத்தறேன்."

ஒருத்தர்.

மைக் கைக்கு வந்தது. எழுந்து நின்றாள்.

"சார், உங்க பட்டறைல மெசின் ஓட்டறதுக்குப் பொண்ணுங்களச் சேத்திக்குவீங்களா?"

எஸ்தர் டீச்சரின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

நாச்சிமுத்து தாராளமாகச் சிரித்தார். ஆபீசில் இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள் என்றார். கெட்டிக்காரிகள் என்றார்.

"மெசின்லங்க."

பார்க்கலாம்மா என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். பெரிய மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மனிதருக்கு என்ன தோன்றியதோ, அதைச் சொல்லவில்லை. பிடரியைத் தடவினார். மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"பொம்பளைங்களுக்குப் பாத்ரூம் இல்லீம்மா."

தள்ளிப் பிடித்தும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஹாலே சிரித்தது.

உட்கார் என்று டீச்சர் கையைக் காட்டினார். பக்கத்திலிருந்தவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். காதெல்லாம் சுட்டது. அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. வரட்டும், பேசி முடித்த பிறகு வரட்டும் என்று விழுங்கினாள்.

"படிப்பு ரெண்டு வருசங்க சார். அதுக்குள்ள கட்டிரலாங்களா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரி அம்மாள் நாற்காலியோடு திரும்பி நாச்சிமுத்துவையே பார்த்தார். பேக்கரிக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். அவர் கடையிலும் இல்லையோ என்னவோ.

நாச்சிமுத்து மறுபடியும் பிடரியைத் தடவினார்.

அவள் உட்காரவில்லை.

"அதுக்கு எதுக்கு ரெண்டு வருசம்" என்றார் கடைசியில், தனக்குத்தானே சொல்வதுபோல. பிறகு அவளைப் பார்த்து, "உம்பேரென்ன கண்ணு?"

பெயரைச் சொன்னாள்.

அதோடு நிறுத்தவில்லை. கேட்காமலே அப்பாவின் போன் நம்பரையும் சொன்னாள். மைக்கிலேயே, ஒவ்வொரு எண்ணாக.

"இரு இரு. மறுக்காச் சொல்லு."

அவர் போனை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்ளும் வரை பொறுத்திருந்தாள். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.