மருந்துப் பேர்

"எங்கம்மாவுக்கு மார்ஃபின் எழுதுங்க டாக்டர்." மருந்துப் பேரை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடாதே, போதைக்குக் கேட்கிறாய் என்று நினைப்பார் என்று நர்ஸக்கா வாசலிலேயே எச்சரித்திருந்தார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "பேரெல்லாம் சுத்தமாச் சொல்றியே. உனக்கா, அம்மாவுக்கா?"

"எலும்புக்கே புத்துநோய் பரவிருச்சு சார். கத்துனா வீட்டுக்காரர் காலிபண்ணச் சொல்றார்னு துண்டைக் கடிச்சிட்டுக் கிடக்குது."

"இங்க அந்த மருந்து கிடையாது. மதுரைக்குக் கூட்டிட்டுப் போ."

"புரட்டிப் படுக்கவைக்கவே முடியல."

"அதுக்காக ஆன்லைன் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிடாத. பொய் சொல்லி வாங்குனா கேஸாகும். குரூப் ஃபோர் பாஸ் பண்ணிருக்கேன்னியே, போலீஸ் வெரிஃபிகேஷன்லயே வேலை போயிரும். உங்க வீட்ல நீதான மொத டிகிரி?"

எழுந்து வெளியே நடந்தேன். துண்டைக் கடித்துக் கிடக்கும் அம்மாவால் கேமரா முன் பேச முடியாது. நோயாளி யார் என்று ஆன்லைன் டாக்டர் கேமராவில் கேட்பார். நான்தான் என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அழப்போகிறேன்.