உத்திரத்தில் தொங்கும் பாட்டில்கள்

கடைசி மூடியையும் நிலவறை உத்திரத்தில் வைத்துத் திருகாணி முடுக்கியதும், மார்லிஸ் ஒரு கையை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு, மறு கையால் ஆணி நிரம்பிய ஊறுகாய் பாட்டிலைத் தூக்கினாள்.

மூடி மேலே, பாட்டில் கீழே. ஒரே திருகில் கவ்விக்கொண்டு தொங்கியது.

“மறுபடியும் பைக்குள்ள கையா?” என்றாள் பக்கத்து வீட்டு டார்லா. படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். “வேலை வாங்குற மேஸ்திரி மாதிரி நிக்கிறியேடி! மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா கடையில கொள்ளை மலிவு. அதை விட்டுட்டு இந்தப் பாட்டிலோட மல்லுக்கட்டுற.”

“டப்பா சரிப்படாது டார்லா.”

டார்லா உதட்டைப் பிதுக்கினாள். வாய்தான் அப்படி. தன் சமையலறையை மாற்றியபோது கழற்றிப் போட்ட இரண்டு அலமாரிகளையும் பனியில் இழுத்து வந்து கொடுத்தவள் அவள்தான். இடித்த பள்ளிக்கூடத்தின் கதவொன்றை அவற்றின் மேல் கிடத்தியதும் வேலை மேசை தயாராகிவிட்டது. யாரோ தெருவோரம் ‘இலவசம்’ என்று எழுதிவைத்த குழல் விளக்கு மேலே எரிந்தது. காசு கொடுத்து வாங்கியது திருகாணிகள் மட்டும்.

சுத்தியலுக்கும் மார்லிஸுக்கும் ஏழாம் பொருத்தம். கட்டைவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது.

இந்த நிலவறையில் முன்பெல்லாம் கால் வைக்க இடம் இருக்காது. மகன்களின் ஹாக்கிப் பைகள், கிறிஸ்துமஸ் பெட்டிகள், அறுந்த தூண்டில்கள், மான்கறி ஃப்ரீசரின் மேல் ஒரு குன்று. ஓய்வு பெற்றதும் இதை நல்ல பட்டறையாக்குகிறேன் பார் என்று அவள் கணவன் ரெய்னோ வருஷா வருஷம் சொல்வான். அவளும் வருஷா வருஷம் சிரிப்பாள்.

இலையுதிர் காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன், பட்டறைப் பேச்சை எடுக்கவே இல்லை. நிலவறைக்கும் இறங்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் போகும் சானா நீராவிக் குளியலைக்கூட விட்டுவிட்டான். தொலைக்காட்சி முன்னால் சாய்வு நாற்காலியே கதி. போன வாரம் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொன்னான், தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனைக்கு வண்டி வரும்போது என் கருவிகளையும் ஏற்றிவிடு என்று.

அந்த வண்டி இன்று மத்தியானம் வருகிறது.

கருவிகள் போய்விட்டால் அவனும் அந்த நாற்காலியோடு போய்விடுவான் என்று மார்லிஸ் நிஜமாகவே பயந்தாள்.

“அவன் பிடிச்சா பிடிச்ச பிடிதான். இறங்கமாட்டான்” என்றாள் டார்லா, எழுந்தபடி. படிக்கு ஏற்கெனவே ஒரு கைப்பிடி இருக்க, எதிர்ச்சுவரில் மார்லிஸ் புதிதாக அடித்திருந்த இன்னொன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். “ம்ம், இது நல்லாத்தான் நிக்குது” என்று சொல்லிவிட்டு மேலேறிப் போனாள்.

மார்லிஸ் படியடியில் போய் நின்று குரல் கொடுத்தாள்.

“ரெய்னோ! எதெது வண்டியில போகணும்னு நீயே வந்து காட்டு. எனக்கு உளியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது.”

தொலைக்காட்சி அணைந்தது. பிறகு படி முனகியது.

ரெய்னோ கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். விளக்கைப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். பலகையில் வரிசையாகத் தொங்கிய ரம்பங்களையும், ஒவ்வொன்றைச் சுற்றியும் அவள் கோணலாக வரைந்திருந்த கறுப்புக் கோட்டையும் பார்த்தான். பாராட்டு எதுவும் வாயில் வரவில்லை. அந்தக் குடும்பத்திலேயே அது வராது.

மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் மேல் அவன் பார்வை நின்றது.

“தப்பான பக்கத்துல மாட்டியிருக்க. வைஸ் அந்த முனையில இருக்கணும்.”

அவள் சுவரோரம் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டாள்.

அவன் வைஸின் அருகே போய் நின்றான். அதன் பிடியைச் சுழற்றிப் பார்த்தான். ரம்பத்தை எட்டித் தொட்டான். அது நேராக விரலுக்கு வந்தது. முகம் மெல்ல மாறியது. தப்பு என்று சொன்ன பக்கத்தை மறுபடியும் பார்த்தான். அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

அண்ணாந்தான். இடது கையை உயர்த்தி ஒரு பாட்டிலைப் பற்றித் திருகினான். மூடி உத்திரத்தில் அசையாமல் நிற்க, பாட்டில் கழன்று அவன் உள்ளங்கைக்குள் வந்து இறங்கியது. ஒரு திருகாணிகூடச் சிந்தவில்லை.

மடித்து, முழங்கைக்கு மேல் அவள் காலையில் ஊக்கு குத்திவிட்ட வலது சட்டைக்கை, காலியாக, அசையாமல் கிடந்தது.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

“அவங்ககிட்ட ஹாக்கிப் பையை மட்டும் தூக்கிட்டுப் போகச் சொல்லு” என்றான் ரெய்னோ, பாட்டிலை மறுபடி மேலே மாட்டியபடி. “அப்புறம், இந்தக் கோடெல்லாம் யாரு வரைஞ்சது? கோழி கிறுக்குன மாதிரி இருக்கு.”

“கோழிதான் வரைஞ்சது” என்றாள் மார்லிஸ்.

வண்டிக்காரர்களுக்குக் கதவைத் திறக்கப் படியேறினாள். பாதிப் படியில்தான் நினைவு வந்தது. இத்தனை நாள் இடது கையாலேயே எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்த பழக்கத்தில் இன்னும் ஸ்வெட்டர் பைக்குள்ளேயே கிடந்த தன் வலது கையை வெளியே எடுத்தாள்.