மாடி சுவிட்ச்

"தெருவுல லைன்மேன் வந்துட்டாரா, பாரு ஜோதி!" போனில் கணவன் ரஞ்சித் கத்தினான். துவாக்குடியில் வேலை செய்யும் கம்பெனியிலிருந்து பேசினான்.

ஜோதி கையிலிருந்த விசிறியோடு ஜன்னலுக்கு வந்தாள். அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் சின்னத் தெரு அது. எதிர்க் கம்பத்தில் ஏணி சாய்ந்திருந்தது.

"ஏறிட்டிருக்கார். நம்ம வெள்ளைச்சாமி அண்ணன்தான். ஏங்க?"

"ஐயோ! காலையில அவசரத்துல மாடி சுவிட்சைப் போட்டுட்டு வந்துட்டேன். கீழ மெயினை அணைக்கலை!"



பராமரிப்புக்காகத் தெருவில் கரண்டை நிறுத்தும் நாளில் வீட்டு சோலாரும் தானாக நின்றுவிடும். அத்தனை வெயிலும் வீணாகிறதே என்று ரஞ்சித்துக்கு மனசு ஆறவில்லை. யாரையோ பிடித்து, பேட்டரி வைத்து, மாடியில் தனியாக ஒரு சுவிட்ச் போட்டுக்கொண்டான்.

முதலில் கீழே மெயினை அணைக்க வேண்டும், அப்புறம்தான் மாடி சுவிட்சைப் போட வேண்டும். மறந்தால் மாடிக் கரண்ட் தெருக் கம்பிக்குப் பாய்ந்துவிடும். அதைத் தொடுகிறவர் பிழைப்பது கஷ்டம்.

போனைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். "அண்ணே! கம்பியைத் தொடாதீங்க!"

தெருமுனையில் லாரி ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தது. அவர் காதில் எதுவும் விழவில்லை. பொண்ணுக்குக் காது குத்தினோம் என்று போன வாரம்தான் வீடு தேடி வந்து லட்டு கொடுத்துவிட்டுப் போன மனிதர்.

வாசல் சுவரிலிருந்த மெயின் பெட்டியின் கதவு துருவேறி இறுகிக் கிடந்தது. நகம் பெயர இழுத்தாள். அசையவில்லை.

அண்ணாந்து பார்த்தாள். வெள்ளைச்சாமி கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். வெறும் கை கம்பியை நோக்கி நீண்டது. பிடித்தேவிட்டது.

"ரங்கநாதா!" கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

லாரி சத்தம் ஓய்ந்தது.

"என்னம்மா, பெருமாளைக் கூப்பிட்டியா, என்னையா?" மேலேயிருந்து சிரிப்பு வந்தது. ஒரு கையில் கம்பி, மறு கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இறங்குங்கண்ணே! முதல்ல இறங்குங்க!" பெட்டிக் கதவைப் பிய்த்துத் திறந்து மெயினை அணைத்தாள். இறங்கி வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

விஷயத்தைக் கேட்ட வெள்ளைச்சாமி தன் உள்ளங்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ எப்படிம்மா நான் உயிரோட நிக்கிறேன்?"



சத்தம் கேட்டு மாமனார் சின்னையன் மாடிப்படி இறங்கி வந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்க வேண்டும். தப்பு செய்துவிட்டவர்போலக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"ரஞ்சித்துகிட்ட சொல்லிடாதம்மா, திட்டுவான். மாடி சுவிட்சை நான்தான் காலையிலேயே அணைச்சேன்."

"நீங்களா? ஏன் மாமா?"

"அந்த மாடி சுவிட்ச் பெட்டிக்குள்ள அணில் குட்டி போட்டிருக்கும்மா."